தமிழ்நாட்டின் குடும்ப பஸ் கம்பெனிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா மூன்று பஸ் வைத்திருந்த ஒரு சின்ன கம்பெனியில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தார். பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் பாதியை நான் அந்த ஷெட்டில்தான் கழித்தேன். அதனால் பஸ் சம்பந்தமாக எந்தச் சந்தேகம் வந்தாலும் நண்பர்கள் என்னிடம் கேட்பார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

குடும்ப பஸ் கம்பெனி என்று எதைச் சொல்கிறோம்? எத்தனை பஸ் இருந்தால் கம்பெனி?

ஒரு பஸ் இருந்தாலே கம்பெனிதான். ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். முதலாளி ஒருவர், அவருடைய தம்பியோ மச்சானோ கணக்குப் பார்ப்பார், மூத்த மகன் ஷெட்டில் நிற்பான். வீட்டுத் திண்ணைதான் ஆபீஸ். ராத்திரி கடைசி டிரிப் முடிந்ததும் கண்டக்டர் பையோடு வந்து அந்தத் திண்ணையில் கலெக்‌ஷனைக் கொட்டி எண்ணிக் கொடுப்பார். எங்கள் கம்பெனியில் சில்லறையை எண்ணுவது முதலாளியின் அம்மா. அந்த அம்மாவிடம் ஒரு ரூபாய் குறைந்தாலும் தப்பிக்க முடியாது.

இந்தக் குடும்பங்கள் எல்லாமே சின்னதாக நின்றுவிடவில்லை. ஒற்றை பஸ்ஸில் தொடங்கி நூற்றுக்கணக்கான வண்டிகள் வரை போனவர்கள் உண்டு. ஆரம்பம் எல்லோருக்கும் ஒன்றுதான்: கடன் வாங்கிய ஒரு வண்டி, ஒரு வழித்தடம்.

தமிழ்நாட்டில் பஸ் தொழிலை இப்படித் தொடங்கியவர்களில் முக்கியமானவர் யார்?

டி.வி. சுந்தரம் ஐயங்கார். 1877-ல் திருக்குறுங்குடியில் பிறந்தவர். வக்கீல் தொழில், ரயில்வே வேலை, வங்கி வேலை என்று மூன்றையும் பார்த்துவிட்டு, 1911-12 வாக்கில் பஸ் தொழிலில் இறங்கினார். ரயில் போகாத ஊருக்குப் போக மாட்டு வண்டியும் ஜட்கா வண்டியும் மட்டுமே இருந்த காலம் அது. மதுரையை மையமாக வைத்து அவர் வளர்த்த நிறுவனம் பின்னால் சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பஸ்களையும் லாரிகளையும் ஓட்டியது. அவர் 1955-ல் காலமானார். அதற்கு முன்பே தொழிலைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டார். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்தை இன்று இருசக்கர வண்டியில் பார்க்கிறோம். மதுரையில் வயதானவர்களுக்கு அந்த மூன்று எழுத்து இன்னும் பஸ்தான்.

அந்த பஸ்ஸைப் பற்றி மதுரைப் பக்கம் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, டி.வி.எஸ். பஸ் கடந்து போனால் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்பது. இரண்டாவது, ரோட்டில் சிந்திக் கிடக்கும் லாட ஆணிகளைப் பொறுக்கவே காந்தம் கட்டிய வண்டி ஒன்றை அவர்கள் ஓட்டினார்கள் என்பது. மாட்டு வண்டிகள் நிறைந்த ரோட்டில் லாட ஆணி டயரின் முதல் எதிரி. பஞ்சர் ஆனால் நேரம் தவறும். நேரம் தவறாமல் ஓட்டவேண்டும் என்று நினைத்தவர் ஆணியிலிருந்து தொடங்கியிருக்கிறார். இந்த இரண்டாவது கதை இல்லாமல் முதல் கதை நடந்திருக்காது.

ஜி.டி. நாயுடுவும் பஸ் முதலாளியா? அவரை விஞ்ஞானி என்றுதானே படித்தோம்?

முதலில் பஸ் முதலாளி, அப்புறம்தான் மற்றதெல்லாம். 1893-ல் கோயம்புத்தூர் பக்கம் கலங்கலில் பிறந்தவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து, அதை வாங்கவே ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். வாங்கியதும் செய்த முதல் வேலை, அதைக் கழற்றிப் போட்டு மறுபடி மாட்டியது. 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே டிரைவராக ஓட்டினார். கோயம்புத்தூரில் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் அவருக்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர். அந்த ஒரு பஸ் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆனது. யு.எம்.எஸ். என்றால் கொங்கு நாட்டில் தெரியாதவர் இருக்க முடியாது.

பொள்ளாச்சி–பழனி என்ற தேர்விலேயே அவருடைய கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. ஒரு முனையில் சந்தை, மறுமுனையில் முருகன் கோயில். வருஷம் முழுவதும் இரண்டு பக்கமும் ஆள் உண்டு. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் சொல்லவே வேண்டாம். போகும்போது நிறைந்து, வரும்போது காலியாக ஓடும் ரூட்தான் சின்ன பஸ்காரரைச் சாய்க்கும்.

அவர் உதவியில் உருவான தொழில்நுட்பக் கல்லூரிக்கு அப்போதைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயர் வைக்கப்பட்டது. பீளமேட்டில் இன்றைக்கும் கண்டக்டர்கள் "ஹோப்ஸ், ஹோப்ஸ்" என்று கூவுவது அந்தப் பெயரைத்தான்.

பொள்ளாச்சி ஏ.பி.டி. எப்படி வந்தது?

ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட், 1931. தொடங்கியவர் பி. நாச்சிமுத்துக் கவுண்டர். மகன் நா. மகாலிங்கம் அதைப் பெரிதாக்கினார். பிற்பாடு சக்தி குழுமம் என்று ஆனது இந்தக் குடும்பத்தின் தொழில்தான். பொள்ளாச்சி என்ற ஒரு சந்தை ஊரைச் சுற்றியே இரண்டு பெரிய பஸ் குடும்பங்கள் எழுந்தது தற்செயல் இல்லை. தேங்காயும் கடலையும் மாடும் கைமாறும் ஊருக்கு ஆட்கள் வந்து போயாக வேண்டும்.

அந்தக் காலத்து வண்டிகள் எப்படி இருந்தன?

இறக்குமதியான செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ், ஃபார்கோ, பெட்ஃபோர்டு. முன்னால் இன்ஜின் துருத்திக்கொண்டிருக்கும் மூக்கு வண்டிகள். செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, இருந்தாலும் வேலை செய்யாது. கிளீனர் முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். இன்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும், ஹேண்டிலைச் சுற்றி வளைத்துப் பிடிக்கக் கூடாது என்பதுதான் புதுக் கிளீனருக்குச் சொல்லித் தரும் முதல் பாடம்.

பாடி முழுக்க மரம். சட்டம் தேக்கில் இருக்கும், மேலே தகடு அடித்திருப்பார்கள். ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. மழை வந்தால் சுருட்டி வைத்த படுதாவை இறக்கிவிடுவார்கள். டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் ரப்பர் பந்து ஹாரன். உள்ளூர் ஆசாரிகளே பாடி கட்டியதால் ஒவ்வொரு ஊர் வண்டிக்கும் ஒரு முகம் இருந்தது. பெயிண்டும் அப்படித்தான். எழுத்துத் தெரியாத பயணிகள் நிறத்தை வைத்துத்தான் பஸ்ஸை அடையாளம் கண்டார்கள். "பச்சை வண்டி போயிடுச்சா?" என்று கேட்பார்களே தவிர, கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் எவ்வளவு கஷ்டம் வந்தாலும் முதலாளிகள் நிறத்தை மாற்ற மாட்டார்கள்.

கரி பஸ் என்று தாத்தா சொல்வாரே, அது என்ன?

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனது. ரேஷனில் கிடைப்பதை வைத்து வண்டியை ஷெட்டை விட்டு வெளியே எடுக்கத்தான் முடியும். அப்போது வந்தது கரியில் ஓடும் பஸ். பின்பக்கம் ஆள் உயர உலை ஒன்றைக் கட்டிவிடுவார்கள். அதில் மரக்கரியைப் போட்டு, காற்று போதாமல் எரியவிட்டால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதைக் குளிர வைத்து, வடிகட்டிக்குள் விட்டுச் சாம்பலையும் தூசியையும் பிடித்துவிட்டு, குழாய் வழியாக இன்ஜினுக்கு அனுப்பினால் பெட்ரோல் இல்லாமல் இன்ஜின் ஓடும். இந்த உலையை மதுரையில் டி.வி.எஸ். நிறுவனமே வடிவமைத்துச் செய்தது. டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்று அதற்குப் பெயர்.

கிளீனர் விடியும் முன்பே எழுந்து உலையை மூட்டி, கைச்சக்கரத்தைச் சுற்றிக் காற்று ஊதி, நல்ல வாயு வருகிறதா என்று பற்றவைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் இன்ஜின். இழுவை பெட்ரோலை விடக் குறைவு. மேடு வந்தால் ஆட்கள் இறங்கி நடப்பார்கள், சில சமயம் தள்ளுவார்கள். போகிற ஊரில் இறங்கும்போது வெள்ளை வேட்டி வெள்ளையாக இருக்காது. ஆனாலும் பஸ் ஓடியது. போர் நடந்த அந்த வருஷங்களில் வைத்தியத்துக்கும் சந்தைக்கும் சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஊர் விட்டு ஊர் போன எத்தனையோ பேர் அந்தக் கிளீனர்களின் கருத்த கைகளால் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் பெயர் எங்கும் பதிவாகவில்லை என்பது எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

பெர்மிட் என்றால் என்ன? வண்டியை விட பெர்மிட்டுக்கு ஏன் அதிக மதிப்பு?

இதுதான் எல்லாவற்றுக்கும் மையம். பணம் இருந்தால் நாளைக்கே வண்டி வாங்கலாம். அதை எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எந்த வழியில், எத்தனை மணிக்கு ஓட்டலாம் என்ற உரிமையை வட்டாரப் போக்குவரத்து ஆணையம் தர வேண்டும். 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 1988-ல் புதுச் சட்டம் வந்தபோதும் பெர்மிட் என்ற முறை தொடர்ந்தது. 1939 சட்டம் இருந்த காலத்தில் ஒருவர் மனுப் போட்டால் அதை வெளியிட்டு, ஏற்கெனவே அந்த ரூட்டில் ஓட்டுபவர்களின் ஆட்சேபணையைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். ஆட்சேபணை வராமல் இருக்குமா? ஐம்பது, அறுபதுகளின் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்புகளைப் புரட்டினால் பஸ் பெர்மிட் வழக்குகள் வந்துகொண்டே இருக்கும். கும்பகோணத்து ராமன் அண்ட் ராமன் கம்பெனியின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1956-ல் அரசு ஓர் ஆணை போட்டு, பெர்மிட் கேட்பவர்களுக்கு மார்க் போடும் முறையைக் கொண்டுவந்தது. சொந்த ஒர்க் ஷாப் இருக்கிறதா, அந்த ரூட்டிலேயே வீடோ ஆபீஸோ இருக்கிறதா, முன் அனுபவம் உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் மார்க். நாலைந்து பஸ் வைத்துத் தடுமாறும் சின்னவர்கள், தாக்குப்பிடிக்கும் அளவுக்கு வளரட்டும் என்று அதற்கும் தனி மார்க். பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி முதலாளிகள் மார்க்கைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நியாயம் வழங்கும் இடத்தில் இருக்கும் அதிகாரிகளுக்கு அரசு இப்படி உத்தரவு போட முடியாது என்று 1964-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சின்னவர்களை வளர்த்துவிட வேண்டும் என்ற அந்த எண்ணம் மட்டும் நல்ல எண்ணம் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

"டைமிங்" என்று பஸ்காரர்கள் சண்டை போடுவது எதற்கு?

காலை எட்டு மணி பஸ்ஸும் எட்டேகால் பஸ்ஸும் ஒன்றில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆபீஸ் போகிறவர்கள், பூக்காரம்மா, பால்காரர் எல்லோரும் எட்டு மணி வண்டியில் போய்விட்டால் எட்டேகால் வண்டிக்கு மிச்சம் காற்றுதான். பெர்மிட்டில் எழுதியிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிஷம் பிந்தி ஒருவர் கிளம்பினால், பின்னால் வருபவரின் கலெக்‌ஷனில் கைவைக்கிறார் என்று அர்த்தம். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் நோட்டோடு நிற்பது இதற்குத்தான். அவர் விசில் ஊதினால் ஆள் ஏறாவிட்டாலும் வண்டி நகர்ந்தாக வேண்டும்.

பஸ் கம்பெனியின் சொத்து எது என்று கேட்டால், வண்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வண்டி பழசாகும், விற்றுவிடலாம். நாற்பது வருஷமாக அதே ஊரில் அதே நிமிஷத்தில் வந்து நின்றதால், "ஆறே முக்கால் வண்டி" என்று ஜனங்கள் வாயில் ஏறிய பெயர்தான் சொத்து. என் அப்பா வேலை பார்த்த வண்டிக்குக் கம்பெனிப் பெயர் ஒன்று முன்கண்ணாடிக்கு மேலே பெரிதாக எழுதியிருந்தது. வழியில் இருந்த கிராமங்களில் ஒருவர் கூட அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஐந்தரை வண்டி, ஒன்பது வண்டி, கடைசி வண்டி, அவ்வளவுதான்.

1972-ல் என்ன நடந்தது?

பெரிய கம்பெனிகளின் பஸ்களை அரசு எடுத்துக்கொண்டது. சென்னை நகர பஸ்களை அரசு நாற்பதுகளின் கடைசியிலேயே நடத்தத் தொடங்கிவிட்டது. மற்ற ஊர்களுக்கான வேலை கலைஞர் மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது நடந்தது. நிறைய பஸ் வைத்திருந்த ஃப்ளீட் ஆபரேட்டர்களின் வண்டிகளைக் கையகப்படுத்த 1971-ல் சட்டம் வந்தது. அடுத்த வருஷம் மதுரையில் டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் ஆனது, கோவையில் ஏ.பி.டி. பஸ்கள் சேரன் ஆனது, கும்பகோணத்தில் ராமன் அண்ட் ராமன் சோழன் ஆனது. சென்னைக்குப் பல்லவன். பின்னால் சேலத்தில் அண்ணா, நெல்லையில் கட்டபொம்மன் என்று வரிசையாக வந்தன. தலைவர்கள் பெயரில் வந்த போக்குவரத்துக் கழகங்களும் மாவட்டங்களும் சாதிச் சண்டைக்குக் காரணமானபோது, 1997-ல் அந்தப் பெயர்கள் எல்லாம் எடுக்கப்பட்டு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயர் வந்தது.

இது நல்லதா கெட்டதா என்று என்னிடம் சண்டைக்கே வருவார்கள். அரசு வந்ததால்தான் லாபமில்லாத குக்கிராமங்களுக்கும் பஸ் போனது. தனியார் முதலாளி எவரும் பதினைந்து பேருக்காக மலையடிவாரத்துக்கு வண்டி விடமாட்டார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே சமயம், நிமிஷம் தவறாமல் ஓடிய ஒரு பழக்கம் மூன்று தலைமுறை உழைப்பில் வந்தது. வண்டியும் ஷெட்டும் ஆட்களும் கைமாறிய அளவுக்கு அந்தப் பழக்கம் முழுசாகக் கைமாறவில்லை. நான் இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

அப்படியானால் இன்று ஓடும் தனியார் பஸ்கள் எப்படித் தப்பின?

மிச்சமிருந்த சின்ன கம்பெனிகளையும் எடுத்துக்கொள்ள 1973-ல் இன்னொரு சட்டம் வந்தது. வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. அரசு மேல்முறையீடு செய்து, 1983-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அந்தப் பத்து வருஷத்தில் சின்ன வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. தீர்ப்பு வந்த பிறகும் மொத்தமாக எடுக்கும் வேலை நடக்கவில்லை. அந்த வருஷங்களில் எங்கள் முதலாளி வீட்டில் புது வண்டி வாங்குவதா வேண்டாமா என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் பேச்சு நடக்குமாம். நாளைக்கு அரசு எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயத்தில், ஓட்டை வண்டியையே மறுபடி மறுபடி பெயிண்ட் அடித்து ஓட்டியிருக்கிறார்கள்.

பஸ்ஸை இழந்த பெரிய குடும்பங்கள் என்ன ஆயின?

டி.வி.எஸ். குடும்பம் அதற்கு முன்பே உதிரிபாகத் தயாரிப்பில் இறங்கியிருந்தது. வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸனர்ஸ் எல்லாம் அறுபதுகளில் வந்தவை. பெயர்களைப் பாருங்கள்: சக்கரம், பிரேக், மின்சாரச் சாமான், திருகாணி. பஸ் ஷெட்டில் தினமும் தேய்ந்து போகிற பொருட்கள்தான் தொழிற்சாலைகளாக மாறியிருக்கின்றன. ஏ.பி.டி. குடும்பம் பார்சல் சர்வீஸிலும் கார் விற்பனையிலும் தொடர்ந்தது.

லேலண்டா, டாடாவா?

தமிழ்நாட்டு பஸ்காரர்களை இரண்டாகப் பிரிக்கும் கேள்வி. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அவர்கள் விட்ட வண்டிகள் காமெட், பின்னால் வைக்கிங். டாடா 1954-ல் ஜெர்மன் பென்ஸ் கூட்டோடு வந்தது. முன்பக்கம் மூன்று முனை நட்சத்திரம் இருந்ததால் ஜனங்கள் அதை டாடா பென்ஸ் என்றே சொன்னார்கள். 1969-ல் கூட்டு முடிந்தது, நட்சத்திரமும் போனது. 1210 என்ற டாடா வண்டி ரொம்ப நாள் ஓடியது.

எங்கள் ஷெட்டில் மூன்றுமே லேலண்ட். உதிரிபாகம் பக்கத்து ஊரிலேயே கிடைக்கும், மெக்கானிக்குக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றத் தெரியும் என்பதுதான் காரணம். டிரைவருக்குப் பக்கத்தில் சூடாக இருக்கும் அந்த பேனட் மேல் உட்கார்ந்து போனவர்களுக்கு இன்ஜின் சத்தம் உடம்பிலேயே பதிந்திருக்கும். தூரத்தில் வரும்போதே சத்தத்தை வைத்து எந்த வண்டி என்று அப்பா சொல்லிவிடுவார்.

பஸ் பாடி கட்ட எல்லோரும் கரூருக்குப் போவது ஏன்?

லேலண்டோ டாடாவோ கொடுப்பது பெரும்பாலும் சேஸிஸ் மட்டும்தான். இன்ஜின், சக்கரம், ஸ்டியரிங், அவ்வளவே. மேலே ஒன்றும் இருக்காது. நெடுஞ்சாலையில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, வெயிலில் மொட்டை வண்டி ஒன்றை ஒருவர் ஓட்டிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அது பாடி கட்டப் போகிற சேஸிஸ். அதில் நிறைய கரூருக்குத்தான் போகும்.

கரூர் என்றால் வெளியே கொசுவலையும் வீட்டுத் துணியும்தான் ஞாபகம் வரும். பஸ்காரர்களுக்கு அது பாடி ஊர். வெல்டர், டிங்கர், பெயிண்டர், சீட் தைப்பவர், கண்ணாடி போடுபவர் எல்லோரும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். முதலாளி போய் ஷெட்டில் நின்று, சீட்டுக்கு எந்த ரெக்சின், படிக்கு எந்தக் கைப்பிடி, சாமி படத்துக்கு எங்கே லைட் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். கல்யாணத்துக்கு ஜவுளி எடுப்பதைப் போலக் குடும்பமே போய்வந்த கதைகள் உண்டு. இப்போது பஸ் பாடிக்கு ஏ.ஐ.எஸ். 052 என்ற மத்திய அரசு விதி இருக்கிறது. அவசர வழி, இருக்கை இடைவெளி எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. பாதுகாப்புக்கு இது அவசியம்.

ஒரே பெயரில், ஒரே நிறத்தில் வேறு வேறு முதலாளிகளின் பஸ் ஓடுகிறதே?

பாகப் பிரிவினை. அண்ணன் தம்பி பிரியும்போது வயலை அளந்து பிரிப்பார்கள். பஸ்ஸை எப்படிப் பிரிப்பது? ஆளுக்கொரு பெர்மிட். எந்த ரூட் யாருக்கு என்பதில்தான் தகராறு. பெயரை இருவருமே விடமாட்டார்கள், அதனால் ஒருவர் முன்னால் ஓர் எழுத்தைச் சேர்ப்பார், இன்னொருவர் அப்பா படத்தை ஒட்டிக்கொள்வார். பெர்மிட் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், வாரிசு 30 நாளுக்குள் ஆணையத்துக்குத் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் தன் பெயருக்கு மாற்ற மனுக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. துக்க வீட்டில் பத்தாம் நாள் காரியம் முடிந்ததுமே பெர்மிட் பேச்சு எழுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆசையால் பேசுகிறார்கள் என்று ஊர் நினைக்கும். பாதி கெடுவுக்குப் பயந்துதான்.

ஆம்னி பஸ், டூரிஸ்ட் பஸ் இதில் சேருமா?

குடும்பம் ஒன்றாக இருக்கலாம், தொழில் வேறு. ரூட் பஸ் ஸ்டேஜ் கேரேஜ். வழியெல்லாம் நிறுத்தி ஆள் ஏற்றி இறக்கலாம். ஆம்னி பஸ்ஸும் டூரிஸ்ட் பஸ்ஸும் கான்ட்ராக்ட் கேரேஜ். மொத்தமாகப் பேசிக் கூட்டிப்போக வேண்டியவை. எண்பதுகளில் வீடியோ கோச் வந்தபோது பல ரூட் பஸ் குடும்பங்களின் இளையவர்கள் அந்தப் பக்கம் போனார்கள்.

ஒரு பஸ் ஒரு நாளைக்கு எப்படி ஓடுகிறது?

ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவது ஒரு சிங்கிள். ஒரு நாளைக்கு ஆறு சிங்கிள், எட்டு சிங்கிள் என்று தூரத்தைப் பொறுத்து. கடைசி வண்டி கிராமத்திலேயே ஹால்ட். டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸுக்குள்ளேயே அல்லது கோயில் மண்டபத்தில் தூங்கி, காலையில் முதல் வண்டியாக எடுப்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் சாப்பாடு கொடுப்பார்கள். எங்கள் வீட்டுக்கு மாம்பழமும் நிலக்கடலையும் வந்ததெல்லாம் அப்பாவின் ஹால்ட் ஊரிலிருந்துதான். சம்பளம், அதோடு பேட்டா. சில கம்பெனிகளில் கலெக்‌ஷனைப் பொறுத்துப் படி. எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கான சோதனைக்கு, வண்டி போகும் மாதம் ஸ்பேர் வண்டி ஓடும், ஸ்பேர் இல்லாத கம்பெனிக்கு அந்த மாதம் கஷ்டம்தான்.

ஏன் இவை குறைந்துகொண்டே வருகின்றன?

கணக்கு ஒத்துவரவில்லை. கட்டணத்தை அரசுதான் நிர்ணயிக்கிறது, தனியாருக்கும் அதேதான். 2011-ல் ஊர் விட்டு ஊர் போகும் சாதாரண மொபசல் பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 42 காசு என்று ஆனது. 2018 ஜனவரியில் 58 காசு. அதற்குப் பிறகு பல வருஷம் அது அசையவில்லை. அதே காலத்தில் 65 ரூபாய் சுமாருக்கு இருந்த டீசல் 90-ஐத் தாண்டிவிட்டது. இடையில் 2020-ல் ஊரடங்கு. வீட்டுக்கு வீடு இருசக்கர வண்டி. 2021-லிருந்து அரசு சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது பெரிய உதவி, என் தங்கையே அதில்தான் போகிறாள். அதே ரூட்டில் ஓடும் தனியார் டவுன் பஸ்ஸில் மகளிர் சீட் காலியாகப் போவதும் நிஜம். கட்டணம் ஏறினால் ஏழைக்குக் கஷ்டம், ஏறாவிட்டால் சின்ன பஸ்காரர் பெர்மிட்டை விற்றுவிடுவார். அந்த ஊருக்கு அந்த நேரத்தில் வேறு வண்டி இல்லை என்றால் யார் பொறுப்பு? கட்டணத்தைத் தொடாமலே, சின்ன கம்பெனிகளுக்குச் சாலை வரியிலாவது சலுகை தரலாம் என்பது என் கருத்து.

எங்கள் கம்பெனியும் இப்போது இல்லை. பெர்மிட்டை வாங்கியவர் நிறத்தை மாற்றிவிட்டார்.

பழைய வண்டிகளை எங்கே பார்க்கலாம்?

கார்களுக்குக் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் மியூசியம் இருக்கிறது. அங்கேயே அவருடைய கண்டுபிடிப்புகளின் கண்காட்சியும் உண்டு. பஸ்ஸைப் பொறுத்தவரை, பழசானதும் இரும்புக்குப் போட்டுவிடுவதுதான் நம் வழக்கம். மரச் சட்டம் அடுப்புக்குப் போயிருக்கும்.

என் தாத்தாவும் ஒரு பஸ் கம்பெனியில் இருந்தார். எதைத் தேடி எடுத்து வைக்கலாம்?

பெர்மிட் நகல், டிரிப் ஷீட், டிக்கெட் கட்டு, டிக்கெட் பஞ்ச், கண்டக்டர் லைசென்ஸ், காக்கிச் சட்டையின் பேட்ஜ். ஆயுத பூஜை போட்டோ கட்டாயம் இருக்கும். வாழைக்கன்று கட்டிய வண்டிக்கு முன்னால் கம்பெனி ஆட்கள் எல்லோரும் நிற்பார்கள். பின்பக்கம் பெயர்களை எழுதி வையுங்கள், பத்து வருஷம் கழித்து யார் யார் என்று சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள். வழக்கு நடந்திருந்தால் தீர்ப்பில் ரூட்டும் எத்தனை பஸ் என்பதும் இருக்கும்.

தாத்தா இருந்தால் உட்கார வைத்துக் கேளுங்கள். கம்பெனி வரலாறு என்று கேட்டால் பேச மாட்டார்கள். டைமிங்கைக் கேளுங்கள். போன மாதம் அப்பாவிடம் கேட்டேன். காது மந்தம், நேற்றுச் சாப்பிட்டது ஞாபகம் இல்லை. முதல் வண்டி எத்தனை மணிக்கு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அஞ்சு பத்துக்கு ஹால்ட்ல எடுப்போம். அஞ்சு இருபத்தாறு ஆலமரம். அஞ்சு நாப்பது ரயில்வே கேட், பாசஞ்சர் வந்தா ஏழு நிமிஷம் போயிடும், அதைப் பாலத்துக்கு அப்புறம் பிடிச்சிரலாம். ஆறு இருபத்தஞ்சு பஸ் ஸ்டாண்ட்." ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் விரலை மடக்கிக்கொண்டே சொன்னார். நான் எழுதி வைத்திருக்கிறேன்.